ஆடி முடியட்டும் என்று வைத்த மரவை

உங்களுக்கெல்லாம் வீட்டில் வேலை வெட்டி கிடையாதா? போன வாரம் எங்கள் பீரோவின் பூட்டு கெட்ட கதையை எழுதினேன். நடுவில், பீரோ மேலே ஒரு மரவை, மரப் பாத்திரம், இருக்கிறது என்று ஒரே ஒரு வரி. பூட்டு என்ன ஆயிற்று என்று ஒருத்தர் கேட்கவில்லை. மரவை ஏது, யார் செய்தது, ஏன் மேலே வைத்திருக்கிறீர்கள் என்று இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு அம்மாள், படம் எடுத்து அனுப்பச் சொல்கிறாள். எதற்குத் தாயி, மாப்பிள்ளை பார்க்கவா?

அடுத்த வீட்டுப் பீரோ மேலே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற புத்தி உங்களை விட்டுப் போகாது. சரி, சொல்கிறேன். சிரிக்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய் அடுப்பைப் பாருங்கள்.

கழுத்தில் இருப்பதைக் கழற்று

துவாரகாவில் எங்கள் சொசைட்டிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பொதுப் பட்டறை ஒன்று இருக்கிறது. சந்தா கட்டினால் யாரும் போகலாம். மரம் அறுக்கலாம், இழைக்கலாம், கடையலாம். சனி ஞாயிறில் கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் வந்து ஸ்டூல் செய்வார்கள். செய்த ஸ்டூலில் உட்கார மாட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அங்கே கற்றுக்கொடுப்பவள் ரீனா. என் பேத்தியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கிராப்பு வெட்டின தலை, காய்த்துப்போன உள்ளங்கை. முதல் நாள் என்னைக் கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். சுழல்கிற மரத்தில் ஒரு நூல் சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடுமாம்.

"சூடி உதாரியே, அம்மாஜி" என்றாள். வளையலைக் கழற்றினேன்.

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகச் சொன்னாள். செருகினேன்.

அப்புறம் என் கழுத்தைக் காட்டி, "யே பீ" என்றாள்.

"யே நஹி. ஆத்மி ஜிந்தா ஹை" என்றேன். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், இதைக் கழற்ற முடியாது என்று அதற்கு அர்த்தம். ஐம்பது வருஷமாக டெல்லியில் இருந்து நான் கற்ற இந்தி அவ்வளவுதான். ஆனால் வேண்டிய இடத்தில் உதவும்.

பட்டறையே திரும்பிப் பார்த்தது. ரீனா யோசித்தாள். பிறகு தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி, நாலு ஊக்குக் குத்தி, அதற்கு மேல் கழுத்து முட்ட ஒரு தோல் ஏப்ரனைக் கட்டினாள். முகத்துக்குக் கண்ணாடி மூடி. சுவரில் இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். வெல்டிங் கடைக்காரன் அம்மன் வேஷம் கட்டின மாதிரி இருந்தது.

இயந்திரத்தைப் போட்டாள். மரம் சுழன்றது. உளியை வைத்தேன். வைத்த வேகத்தில் அது படாரென்று என் கையை உதறித் தள்ளியது. எழுபது வயதைத் தாண்டின பிறகு ஒரு கட்டை என்னை அடித்தது அன்றைக்குத்தான்.

"இந்த வயசில் எதற்கு அம்மாஜி?" என்றாள் ரீனா.

"ஒரு தட்டு வேண்டும்" என்றேன்.

"கடையில் கிடைக்குமே."

"கிடைக்காது" என்றேன்.

கிண் கிண் கிண்

என் வீட்டுக்காரர் ஆர்.கே.புரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருந்தார். ஒரு தட்டில் ஆறு கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவார். தட்டில் ஒரு சொட்டு இருக்காது. "உன் கையில் என்ன ஸ்பிரிங் வைத்திருக்கிறாயா?" என்று ஒரு பெரிய ஆபீஸர் கேட்டாராம். அந்த ஒரு கேள்வியை என்னிடம் மட்டும் இருநூறு தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீஸருக்கு ஒரு பதவி உயர்வு கொடுத்துவிடுவார்.

பிறரிடம் வாங்கின பாராட்டை இப்படிக் காப்பாற்றியவர், வீட்டில் யாருக்கும் ஒன்று கொடுத்தது கிடையாது. கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸ் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கண் எரிய எரியச் சுண்டைக்காய் வத்தக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்து, "பரவால்லட்டி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அழுதேன். பிறகு, அதுதான் அவருடைய அகராதியில் உச்சி என்று தெரிந்துகொண்டேன். மகன் பாஸானதற்கும் பரவால்ல, பேத்தி பிறந்ததற்கும் பரவால்ல.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பித்தான். பிறகு டீ டம்ளர். பிறகு சோறு.

எவர்சில்வர் தட்டில் நடுங்குகிற விரல் பட்டால் கிண் கிண் கிண் என்று ஒரு சத்தம் வரும். அதை அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். சோற்றை விளிம்புக்குத் தள்ளுவார், சோறு விளிம்பு தாண்டிக் கீழே விழும். தட்டு வழுக்கிக்கொண்டு போகும். கீழே விழுந்ததை நாங்கள் பார்ப்பதற்கு முன்னால் பொறுக்கப் பார்ப்பார். அந்த நடுக்கத்தில் இன்னும் சிந்தும்.

டாக்டர் கரண்டி என்றார். மகன் முருகேசன் தடித்த பிடி வைத்த கரண்டி வாங்கி வந்தான்.

"பாயசத்துக்குத்தாம்ல கரண்டி" என்று அதைத் தள்ளிவிட்டார்.

நான் ஊட்டப் போனேன். வாயை இறுக்கிக்கொண்டார். "நீ ஊட்டி நான் திங்குத நாள் வந்தா, அன்னைக்கு வாய்க்கரிசியா போட்டுரு" என்றார்.

அடியில் ரப்பர் வைத்து மேஜையோடு ஒட்டிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டை முருகேசன் ஆன்லைனில் வரவழைத்தான். நடுவில் ஒரு யானைக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. அவர் யானையைப் பார்த்தார். யானை அவரைப் பார்த்தது.

"ஏல முருகேசா, பால்வாடில எப்பச் சேக்கப் போற?"

சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து, "பசிக்கல" என்று சொல்ல ஆரம்பித்தார். காலையில் பசிக்கவில்லை, மத்தியானம் அரைப் பிடி, ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி. தோள் எலும்பு பனியன் வழியாகத் தெரிந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் தன் கையால் ஒரு வேளை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும்.

பேத்திதான் அந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய தோழி அங்கே ஒரு சாவி மாட்டி செய்திருக்கிறாளாம். எனக்குச் சட்டென்று ஊரில் உப்பும் புளியும் போட்டு வைக்கிற மரவை ஞாபகம் வந்தது. மரத்தைக் குடைந்து செய்த பாத்திரம். கனமாக இருக்கும், நகராது. சுவர் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், தள்ளுகிற சோறு திரும்பக் கைக்கே வந்துவிடும். விரல் பட்டால் சத்தமும் வராது.

வடகத்தோடு காய்ந்தது

முதல் மரவைக்கு மரம் ஓசியில் கிடைத்தது. சொசைட்டியில் வேப்ப மரத்தின் கிளை வெட்டினார்கள். வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு துண்டை வாங்கி, ஆட்டோவில் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"வேப்ப மரத்துல சாப்ட்டா கசக்காதா பாட்டி?" என்றாள் பேத்தி.

"அம்பது வருஷமா என் சமையலத் திங்குதவுகளுக்கு இது ஒரு கசப்பா?" என்றேன்.

பச்சை மரம் கடைவதற்கு வெண்ணெய் மாதிரி வரும். உளி ஒரு நிலைக்கு வந்துவிட்டால் சுருள் சுருளாகச் சீவல் பறந்து வந்து ஏப்ரனில் விழும். தேங்காய் துருவத் தெரிந்த கைக்கு இது வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு மாசம் திணறினேன். ஆனாலும் ஒரு பாத்திரம் வந்தது. கொஞ்சம் கோணல். நானும் கோணல்தானே.

ரீனா அதை ஒரு காகிதப் பையில், அதன் சீவலையே போட்டு மூடிக் கொடுத்தாள். "இருட்டான இடத்தில் வையுங்கள். ஜல்தி வேண்டாம். மூன்று மாதம் மெதுவாகக் காய வேண்டும்" என்றாள்.

மூன்று மாதமா? இங்கே ஒரு மனுஷர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருக்கிறார். மிளகாய், வடகம், மோர் வத்தல், மழையில் நனைந்த மெத்தை என்று என் ஆயுசில் நான் காய வைத்தது எல்லாம் வெயிலில்தான். அதுவும் சித்திரை மாச டெல்லி வெயில். பால்கனியில் வடகத்துக்குப் பக்கத்தில் மரவையை வைத்தேன். காக்கா கொத்தாமல் ஒரு கறுப்புத் துணியையும் போட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் டப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் ஒரே வெடிப்பு. என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று.

"என்னட்டி சத்தம்?" என்றார் உள்ளேயிருந்து.

"வடகம் பொரிஞ்சிட்டு, அம்புட்டு வெயிலு" என்றேன்.

ரீனா திட்டவில்லை. "வெளித்தோல் முன்னால் காய்ந்து சுருங்கிவிட்டது, உள்ளே ஈரம் இருந்தது. மரம் என்ன செய்யும் அம்மாஜி?" என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஒரு சின்னப் புள்ளி

இரண்டாவது, நன்றாகக் காய்ந்த ஷீஷம் கட்டை. இரும்பு மாதிரி கனம். பச்சை வேம்பு வெண்ணெய் என்றால் இது கருங்கல். உளியை நிமிஷத்துக்கு ஒருதரம் தீட்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுபோகும். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன். என் புடவையில் மரத்தூள் வாசனை அடிக்குமாம்.

"ஆசாரி வேலைக்குப் போறியாக்கும்?" என்பார்.

"ஆமா, ஒங்களுக்கு ஒரு மூக்கு செதுக்கணும். இருக்கது சரியில்ல."

"பரவால்ல, இதே போதும்."

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஆனி மாசக் கடைசியில் மரவை முடிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவி, ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி தடவி, மறுபடி காயவிட்டு எடுத்தபோது அது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். சுவர் உள்பக்கம் சாய்ந்து, கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. நான் நினைத்தது அப்படியே வந்திருந்தது.

"ஹோ கயா, அம்மாஜி. இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றாள் ரீனா.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே கடுகளவு ஒரு இடம் மங்கலாக இருந்தது. எண்ணெய் பிடிக்கவில்லை. ரீனா பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்றாள். எனக்குத் தெரியுமே என்றேன். தேய்த்து, இன்னொரு தடவை எண்ணெய் பூசி, இன்னொரு வாரம் என்று வைத்துவிட்டு வந்தேன்.

சோறு போட அந்தப் புள்ளி என்ன தடை? ஒன்றுமில்லை. அவருடைய கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. முதல் தடவையாக நான் ஒன்றை அழகாகச் செய்திருந்தேன். அந்தப் பெருமை. வேறென்ன?

அந்த ஒரு வாரத்தில் ஆடி பிறந்துவிட்டது.

ஆடி

நான் வெள்ளிக்கிழமை நகம் வெட்டுகிறவள். பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் சகுனம் சரியில்லை என்பேன். அப்படிப்பட்டவள், புதுப் பாத்திரத்தில் முதல் சோறு ஆடியில் போடுவதா என்று நின்றுவிட்டேன். அவர் உடம்பு இருக்கிற இருப்பில் எதற்கு வம்பு என்று பட்டது. இத்தனை மாசம் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு மாசம்.

"ஸாவன் பிறக்கிறது அம்மாஜி, நல்ல மாசம்" என்றாள் ரீனா. ரோட்டில் காவித் துணி கட்டிக் கங்கை ஜலம் சுமந்துகொண்டு பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதே வானம், அதே மழை. அவர்களுக்கு அது புண்ணிய மாசம். எனக்கு ஆடி.

அவருடைய பழைய வேட்டியில் மரவையைச் சுற்றி பீரோ மேலே வைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"என்னட்டி அது பொட்டலம்?"

"ஆடி முடியட்டும், காட்டுதேன்."

"ஏன், தள்ளுபடில வாங்கினியா? வெளிய சொல்ல வெக்கமா?"

அதுதான் அவர் கடைசியாக அடித்த ஜோக். நல்ல ஜோக்தான்.

ஆடி மூன்றாவது வாரம். டம்ளரில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. இருமி இருமி முகம் கறுத்தது. நெஞ்சைத் தடவினேன், முதுகில் தட்டினேன். கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே மூக்கில் குழாய் போட்டார்கள்.

கையால் பிசைந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கஞ்சி எதற்குக் குடிக்கப் போகிறார்? இதை டாக்டரிடம் கேட்டேன். "இல்லம்மா, அந்த வியாதியில் தொண்டையும் சேர்ந்து கெட்டுப்போகும். சோறாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார். நல்ல மனுஷர். பொய் சொல்கிற முகம் இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

முதல் மரவை என் அவசரத்தில் வெடித்தது. இரண்டாவதில் பொறுமையைக் காட்டினேன். எதில் எதைக் காட்ட வேண்டும் என்று அறிந்தவளாக இருந்தால் நான் ஏன் மூணாங்கிளாஸோடு நின்றேன்?

ஆவணி ஒன்று

ஆவணி பிறந்த அன்றைக்கு வேட்டியோடு மரவையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் தடுத்தாள். உள்ளே சாப்பாடு எதுவும் இல்லை, காலிப் பாத்திரம்தான் என்று கவிழ்த்துக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். குழாயை மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கட்டிலில் மரவையை வைத்தேன். அவருடைய வலது கையைத் தூக்கி அதற்குள் வைத்தேன். கை சரியாகப் பொருந்தியது. அளவெடுத்த மாதிரி.

"ஏங்க, ஆடி முடிஞ்சிட்டு" என்றேன்.

கை நடுங்கவில்லை. அத்தனை மாசம் நடுங்கின கை, அன்றைக்கு என் மரவைக்குள் வெறுமனே கிடந்தது. நடுங்கினால் சத்தம் வருகிறதா, வரவில்லையா என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

ரீனா வீட்டுக்கு வந்தாள். என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். "இனி ஊக்கு வேண்டாம், ஏப்ரன் வேண்டாம். உன் இயந்திரத்துக்கு என்னை மாதிரிப் பத்திரமான ஆள் கிடையாது" என்றேன். என் இந்தியில் அது எப்படி வந்ததோ, அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். நான்தான் தட்டிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு பட்டறைக்குப் போகவில்லை. கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எதைக் கடைய?

அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னது

பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக் கமலேஷும், கீழ்வீட்டு விமலாவும் வந்தார்கள். கமலேஷ் பஞ்சாபி, விமலா நம்ம சென்னைக்காரி. மரவை இன்னும் பீரோ மேலே திரும்பிப் போகவில்லை, மேஜை மேல் இருந்தது. விமலா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதத்தானே பாட்டி மாசக்கணக்கா செஞ்சீங்க? எவ்ளோ கனம்! தாத்தா இதுல சாப்ட்டாரா?"

"சாப்பிட்டாகளே" என்றேன். "தயிரும் சோறும் நாரத்தங்காயும். அவுக கையாலேயே பெசஞ்சு. ஒரு பருக்க கீழ சிந்தல."

விமலா அதைக் கமலேஷுக்கு இந்தியில் சொன்னாள். கமலேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டு என்ன சொன்னாரு பாட்டி?"

அமிர்தம் என்றார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவரைத் தெரிந்த யார் நம்புவார்கள்?

"பரவால்லட்டின்னாக."

"டீக் ஹை, போலே" என்று விமலா மொழிபெயர்த்தாள்.

"பஸ்? இத்னா ஹி?" என்று கமலேஷுக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டவளுக்கு இவ்வளவுதானா என்று என் சார்பாக அவரிடம் சண்டைக்குப் போகிறவள் மாதிரி நின்றாள்.

"இல்ல, இன்னொண்ணும் சொன்னாக" என்றேன். "நாளைக்கு இன்னும் ஒரு பிடி கூடப் போடுன்னாக."